அடுத்த வருஷத்து பேட்டரி

இந்த டிவியையே எடுத்துக்கங்க சார், யோசிக்காதீங்க. பொங்கலுக்குப் புது மாடல் வருதாம், அதுவரைக்கும் பாப்போம்னு நினைக்கிறீங்க பாத்தீங்களா, அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. பொங்கலுக்கு ஒண்ணு வரும். சித்திரைக்கு இன்னொண்ணு வரும். வந்துக்கிட்டேதான் இருக்கும். அதுவரைக்கும் வீட்டுல எல்லாரும் செவுத்தப் பாத்துக்கிட்டா உக்காந்திருப்பாங்க? வேணுங்கிறப்ப வாங்கிரணும். கடை தொறந்த நாள்ல இருந்து வர்றவங்க கிட்ட நான் சொல்றது இதுதான்.

சரி, நல்ல முடிவு. கோடவுன்ல இருந்து பெட்டி வரணும், அதுவரைக்கும் உக்காருங்க. அது என்ன சார், போன்ல கார் பாக்குறீங்க? எலெக்ட்ரிக்கா?

வாங்கிறாதீங்க.

இல்ல சார், அவசரப்படாதீங்கன்னு சொல்றேன். டிவி வேற, கார் வேற. இப்ப இருக்கிற பேட்டரிக்குள்ள திரவம் இருக்கு. அடுத்து வரப்போறது கெட்டி. உள்ள ஒரு சொட்டு திரவம் கிடையாது. ஒரு தடவை சார்ஜ் போட்டா மதுரையில இருந்து மெட்ராஸ் போயி, பாதி வழி திரும்பியும் வந்துரலாங்கிறான். டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள சார்ஜ் ஏறிருங்கிறான். உப்புல இருந்து செய்யற பேட்டரி ஒண்ணு வேற வருது. நான் தினமும் பாக்குறேன் சார், கடையச் சாத்திட்டு வீட்டுக்குப் போனா எனக்கு இதான் வேலை. இவ்வளவும் வருதுன்னு தெரிஞ்சும் ஒருத்தர் இன்னைக்குப் போயி பழச வாங்குனா என்னத்தச் சொல்றது?

என் கொழுந்தியா வாங்குனா. அருள்மொழின்னு பேரு, நத்தத்துல மாட்டு டாக்டரு. ஊர் ஊராப் போகணும், அதுக்காக ஒரு சின்ன எலெக்ட்ரிக் கார். வாங்குறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அதனாலதான் கேக்கலன்னு என் வீட்டுக்காரி சொல்லுவா.

என் வீட்டுக்காரி பேரு வசந்தமணி. அவ பொறந்த வீட்டுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம். மாமா தவறிட்டாரு. அத்தை மட்டும் மலையில தனியா இருக்காங்க, கீழ வாங்கன்னா வரமாட்டாங்க. வசந்தா மாசம் தவறாம போவா. இங்கருந்து வத்தலக்குண்டுக்கு ஒரு பஸ்ஸு, அங்கருந்து மலைக்கு ஒரு பஸ்ஸு, எறங்கித் தோட்டத்துக்குள்ள நடை. அத்தைக்கு மாத்திரை, சக்கரை பாக்குற மிஷினு, பழம் பச்சைன்னு ரெண்டு கையிலயும் பை. ஒரு கார் வாங்கலாம்ங்கன்னா. சரின்னேன். நான் எப்ப சார் வேணாம்னு சொன்னேன்? வாங்குறதுதான் வாங்குறோம், அந்தப் புது பேட்டரி அடுத்த வருஷம் வந்துருது, வந்ததும் வாங்குவோம்னேன். அடுத்த வருஷம் கேட்டா. அப்பவும் அதத்தான் சொன்னேன். ஒரே பேச்சு சார் எனக்கு, மாத்தி மாத்திப் பேசத் தெரியாது.

போன வருஷம் ஐப்பசியில தீபாவளி யாவாரத்த முடிச்ச கையோட நாங்க ரெண்டு பேரும் மலைக்குப் போனோம். பஸ்லதான். அருள்மொழியும் அவ கார்ல வந்திருந்தா. அன்னைக்குப் பிடிச்ச மழை விடவே இல்ல. கரண்டும் போயிருச்சு. மலையில கரண்டு போனா எப்ப வரும்னு யாரும் கேக்கமாட்டாங்க. அவ வண்டிய சார்ஜ் போட வழியில்ல. வண்டி வாசல்ல நிக்குது, நான் தின்பண்டத்தக் கொறிச்சுக்கிட்டே சொன்னேன், "பாத்தியா அருளு, இதுக்குத்தான் பொறுன்னேன். புது பேட்டரியா இருந்தா இந்த மழை என்ன, ஒரு வாரம் கரண்டு இல்லாட்டியும் கவலையில்ல."

"மச்சான், நீங்க அந்த அடுத்த வருஷத்த அஞ்சு வருஷமா சொல்றீங்க"ன்னா.

"வரும்போது பாரு."

"வரட்டும், நான் வேணாம்னு சொல்லல. அஞ்சு வருஷமா அக்கா அந்தப் பையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸேறி எறங்குதே, அதப் பாத்தீங்களா?"

"பஸ்ல என்ன கேடு? ஊரே பஸ்லதான் போகுது."

வசந்தா தோசை சுட்டுக்கிட்டு இருந்தா. அவ ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். சொல்லலையே சார்.

மறுநாள் காலையில வசந்தா குளிக்கத் தண்ணி காயவைக்கணும்னு விறகெடுக்கப் போனா. கரண்டு இருந்தா ஹீட்டர் போட்டிருப்பா. விறகு அடுக்குக்கிட்ட நின்னு கட்டைய உருவுனவ காலத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. கத்தலையே சார் அவ. மெல்ல நடந்து வாசலுக்கு வந்து, "அருளு, கால்ல என்னமோ போட்டுருச்சு"ன்னா. தங்கச்சியத்தான் கூப்டா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன், போன்ல டவர் கிடைக்குதான்னு பாத்துக்கிட்டு.

அருள்மொழி காலப் பாத்தா. கணுக்காலுக்குக் கீழ ரெண்டு ஓட்டை. சுத்தி நீலமா வீங்க ஆரம்பிச்சிருந்துச்சு. அத்தை துணியக் கிழிச்சுக் கட்டப் போனாங்க. "கட்டாதம்மா, கட்டவே கூடாது"ன்னு கையப் பிடிச்சிட்டா. "அக்கா, நீ நடக்காத. அசையாம படு. விரியன் பாம்பாத்தான் இருக்கும்."

தோட்டத்து ஜீப்பு வெள்ளனவே வாழைத்தார் ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் போயிருச்சு. தோட்டத்து கேட் பக்கத்துல இருக்கிற மேட்டுல ஏறுனாத்தான் டவர். நான்தான் ஓடுனேன் சார், மழையில. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணது நான். அவுக சொன்னாங்க, "பண்ணைக்காட்டு ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, வண்டி சுத்தித்தான் வரணும், நேரமாகும், உங்க கிட்ட வண்டி இருந்தா பெரும்பாறை வழியா நீங்களே எறங்கிருங்க, கீழ ஆஸ்பத்திரிக்கு நாங்க சொல்லி வைக்கிறோம்"னு. நான் வந்து அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை மறைக்கல.

அருள்மொழி சாவிய எடுத்துட்டா.

"எவ்வளவு சார்ஜ் இருக்கு?"ன்னேன்.

"ஒம்போது பர்சன்ட்டு."

சார், நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க. ஒம்போது. வத்தலக்குண்டு எங்க இருக்கு? நடுவுல காடு. போன் எடுக்காது. கடை கண்ணி கிடையாது. வண்டி அங்க நின்னுச்சுன்னா என்ன பண்றது? வீட்டுல இருந்தா ஆம்புலன்ஸ் வந்துரும், வர்றேன்னு சொல்லியிருக்கான். நான் வாசல்ல குறுக்க நின்னேன். அதத்தான் இன்னைவரைக்கும் ஒரு குத்தமா பேசுறாங்க. "பொறுப்போம்"னேன், "அவசரப்பட்டு நடுக்காட்டுல நின்னுட்டா ரெண்டும் இல்லாமப் போயிரும்"னேன். அவ நல்லதுக்குத்தானே சார் சொன்னேன்?

அருள்மொழி அவ அக்காவப் பாத்தா. வசந்தா படுத்துக்கிட்டே என்னையப் பாத்தா. ஒரு மாதிரி பாத்தா. முன்னப் பின்ன தெரியாத ஆள, யாருடா இதுன்னு பாப்பாங்கள்ல, அந்த மாதிரி. வலி சார். வலியில கண்ணு அப்படித்தான் போகும்.

"அருளு, வண்டிய எடு"ன்னா.

அத்தையும் அருள்மொழியும் தூக்கிப் பின்சீட்டுல படுக்க வச்சாங்க. "மச்சான், நீங்க பின்னாடி உக்காந்து அக்காவப் பிடிச்சுக்கங்க, வளைவு ஜாஸ்தி"ன்னா அருள்மொழி. அத்தை ஏறட்டும்னேன். நான் முன்னாடி உக்காந்தேன். அந்த நம்பர யாராவது பாத்துக்கிட்டே இருக்கணுமில்ல? ஓட்டுறவ ரோட்டப் பாப்பாளா, நம்பரப் பாப்பாளா?

தோட்டத்துல இருந்து தார் ரோட்டுக்கு ஏத்தம். சேறு. டயரு சுத்துது, வண்டி நகரமாட்டேங்குது. நகர்ந்ததும் நம்பர் எறங்குது. எட்டு. ஏழு. நான் வாய்விட்டுச் சொன்னேன். தார் ரோட்டத் தொடும்போது ஆறு. ரோட்ட இன்னும் ஆரம்பிக்கவே இல்ல சார், அதுக்குள்ள ஆறு. "திருப்பிரு அருளு"ன்னேன்.

"மச்சான், அந்த நம்பரச் சொல்லாதீங்க."

"சொல்லாட்டி கூடிருமா?"

"அக்காவுக்குக் கேக்குது."

கண்ணாடியெல்லாம் ஆவி. வெளிய மஞ்சு எறங்கி, முன்னாடி போற ரோடே தெரியல. வைப்பர் படபடன்னு அடிச்சுக்கிட்டுக் கெடக்கு. அதுக்கும் கரண்டு வேணுமே! "வைப்பரக் கொஞ்சம் நிப்பாட்டி நிப்பாட்டிப் போடு"ன்னேன். அவ என் பக்கமே திரும்பல. கழுத்து நரம்பு மட்டும் தெரிஞ்சுச்சு.

பின்னாடி அத்தை, "மாப்ளே, வாயில ரத்தம் வருது மாப்ளே"ன்னாங்க.

திரும்பிப் பாத்தேன். பல்லு ஈறுல இருந்து கசியுது. அத்தை முந்தானையில தொடைக்கிறாங்க, மறுபடி செவக்குது. கால் மொழங்காலுக்குக் கீழ பூசணிக்காய் மாதிரி ஆகிருச்சு. வசந்தா கண்ண மூடிக்கிட்டு, "எவ்வளவு இருக்கு?"ன்னா. அவளே கேட்டா சார். கேட்டதுக்குத்தான் சொன்னேன். "ஆறுதான் இருக்கு"ன்னேன்.

அந்த நேரம் ரோடு எறக்கமா ஆக ஆரம்பிச்சுச்சு. ஒரு கொண்டை ஊசி வளைவு, அடுத்து இன்னொண்ணு. அருள்மொழி ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்துட்டா, வண்டி தானா பிடிச்சுப் பிடிச்சு எறங்குது. நான் நம்பரப் பாக்குறேன், ஆறு ஏழாயிருக்கு. மீட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். "மீட்டர் தப்பாக் காட்டுது அருளு"ன்னேன்.

"எறக்கத்துல வண்டி தன்னால சார்ஜ் ஏத்திக்கும் மச்சான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாம என்ன சார், எனக்குத் தெரியும். அதப்பத்தி எத்தனை வீடியோ பாத்திருக்கேன். ஆனா அது புது டெக்னாலஜியில நல்லா இருக்கும், இந்தச் சின்ன வண்டியில பெருசா ஒண்ணும் ஏறாதுன்னுதான் இருந்தேன். ஏறுச்சு. அது சரி. ஆனா ஏறாம இருந்திருந்தா?

எட்டுன்னு காட்டுச்சு. ஒரு வளைவு திரும்புறோம், நடு ரோட்டுல காட்டுமாடு. ஒண்ணில்ல, கூட்டம். பெருசு ஒண்ணு எங்களப் பாத்துத் தலையக் குனிஞ்சு நிக்குது. முதுகெல்லாம் மழைத்தண்ணி வழியுது. வண்டியில சத்தமே கிடையாதா, வந்தது அதுக்கே தெரியல போல, திடுக்குன்னு ஒரு அடி முன்னால வச்சுச்சு. அருள்மொழி அப்படியே நிறுத்திட்டா. ஹாரன் அடிக்கல, லைட்ட அணைச்சுட்டா. "யாரும் அசையாதீங்க"ன்னு முணுமுணுத்தா.

மழை மட்டும் கூரையில அடிக்குது. அத்தை சாமி பேரச் சொல்லுறாங்க. பின்வாங்குனா ஏத்தம், ஏத்தத்துல சார்ஜ் போயிரும். முன்னாடி போனா அது ஒரே முட்டு. சார், அந்த மாதிரி ஒரு நேரம் என் விரோதிக்கும் வரக்கூடாது.

அப்பதான் வசந்தா கூப்டா. "என்னங்க."

"என்ன?"

"பின்னாடி வாங்க."

"இரு வசந்தா, நம்பரப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"என்னங்க, கொஞ்சம் பின்னாடி வந்து என் கையப் பிடிச்சுக்கங்க."

எப்படி சார் போறது? வெளிய காட்டுமாடு நிக்குது. கதவத் தொறக்க முடியுமா? நடுவுல பூந்து போகவும் எடமில்ல. அவ கால நீட்டிப் படுத்திருக்கா, அத்தை வேற இருக்காங்க. "இந்தா வந்துருச்சு, கீழ போயிரலாம்"னு தைரியம் சொன்னேன். அருள்மொழி எடது கையப் பின்னாடி நீட்டுனா. வசந்தா அதப் பிடிச்சுக்கிட்டா. நான் பாத்தேன். என் கையையும் நீட்டியிருக்கலாம்னு நீங்க நினைப்பீங்க. ஒரு கை போதும்ல சார்? ரெண்டு கையி எதுக்கு?

மாடு என்ன நினைச்சுச்சோ, பள்ளத்துல எறங்குச்சு. பின்னாடியே மத்ததெல்லாம். கன்னுக்குட்டி ஒண்ணு கடைசியா நின்னு எங்களப் பாத்துட்டுப் போச்சு. அருள்மொழி வண்டிய எடுத்தா. அதுக்கப்புறம் அவ ஓட்டுன ஓட்டம் இருக்கே! சித்தரேவுல வந்து எறங்கும்போது நம்பர் பதிமூணு. மலை மேல இருந்து கிளம்புனத விட ஜாஸ்தி. எனக்கு அதச் சொல்லணும்னு இருந்துச்சு. பின்னாடி திரும்பி, "பதிமூணு வசந்தா!"ன்னேன். அவளுக்கு அப்ப நினைவு சரியா இல்ல.

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில வாசல்லயே ஆள் நின்னாங்க. உள்ள கொண்டுபோயி ஊசி ஏத்துனாங்க. அப்புறம் இங்க மதுரைக்கு மாத்துனாங்க. ஒண்ணுக்குப் போகல, சிறுநீரகம் மெதுவாகிருச்சுன்னு ரத்தம் சுத்தம் பண்ணுற மிஷின்ல போட்டாங்க. நான் கடையச் சாத்திட்டு வெராண்டாவுலயே கெடந்தேன் சார். சாப்பாடு எறங்கல. கடவுள் புண்ணியம், பொழைச்சுட்டா. கொஞ்சம் பிந்தியிருந்தாக் கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. கால் மட்டும் இன்னும் மழை நாள்ல வீங்கும்.

ஆம்புலன்ஸா? அது வந்துச்சு சார். சாயங்காலம் தோட்டத்துக்கு வந்து பாத்துட்டு, ஆள் இல்லன்னதும் திரும்பிட்டாங்களாம். பாவம், அவுகளும் சுத்திச் சுத்தி வரணுமே. அது வேற விஷயம்.

கண்ணு முழிச்சு அவ பேச ஆரம்பிச்ச அன்னைக்கு நான் பக்கத்துல உக்காந்து ஆறுதலாச் சொன்னேன், "இதே அந்தக் கெட்டி பேட்டரியா இருந்திருந்தா நமக்கு இவ்வளவு பதட்டமே இல்ல வசந்தா. அருளு அவசரப்பட்டு வாங்குனதுல வந்த வினை." அவ தலைக்கு மேல சுத்துற ஃபேனப் பாத்தா. "தூங்கணும்"னா. நான் வெளிய வந்துட்டேன்.

அதுக்கப்புறம் சண்டை போட்டாளா? இல்ல. அன்னைக்கு நடந்தத ஒரு தடவை பேசுனாளா? இல்ல. பேசுனாத்தானே சார் நான் விளக்கம் சொல்ல முடியும். நடக்கத் தெம்பு வந்ததும் டிரைவிங் ஸ்கூல்ல சேந்துட்டா. அதுவும் பக்கத்துத் தெரு பொம்பள சொல்லித்தான் எனக்குத் தெரியும். லைசன்ஸ் வாங்குனா. ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வந்து, இந்தா நீங்க உக்காந்திருக்கிற அதே நாற்காலியில உக்காந்து, "கார் புக் பண்ணிட்டேன்"னா. தங்கச்சி வச்சிருக்கிற அதே வண்டி சார். அதே சின்ன பேட்டரி!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஆனா கடையில ஆளுக. மெதுவாத்தான் சொன்னேன், "வசந்தா, இவ்வளவு நாள் பொறுத்தோம். இன்னும் ஒரே வருஷம். அந்தப் பேட்டரி நிச்சயமா வருது."

"வரட்டும்"னா. "எங்க அம்மா வீட்டுக்குப் போயி வர இது போதும்."

"நாளைக்கு இது பழசாகிரும்."

"ஆகட்டும்."

இதெல்லாம் ஒரு பதிலா சார்? நான் டெக்னாலஜி பேசுறேன், அவ அம்மா வீட்டப் பேசுறா.

வண்டி வந்த வாரமே மலைக்குக் கிளம்பிட்டா. தனியா. வர்றீங்களான்னு கேப்பான்னு சட்டையெல்லாம் மாட்டி ரெடியா இருந்தேன். கேக்கல. அத்தைக்கு மாத்திரைப் பைய எடுத்து வச்சா, கதவச் சாத்துனா, போயிட்டா. சத்தம் இல்லாத வண்டி பாத்தீங்களா, தெருமுனை திரும்புனதுகூட எனக்குக் கேக்கல.

எனக்கு இங்க இருப்புக் கொள்ளல. அவ ஏறப்போறது அந்த மலை. ஏத்தத்துல சார்ஜ் எப்படிக் குடிக்கும்னு நான் கண்ணால பாத்தவன். போன் போட்டேன், எடுக்கல. பெரும்பாறை தாண்டியிருப்பாளா, எத்தனை பர்சன்ட்டு இருக்கும், மாடு வந்தா என்ன பண்ணுவா. மறுபடி போட்டேன். டவர் இல்லங்குது. அன்னைக்கு யாருக்கு என்ன டிவி வித்தேன்னு எனக்கே தெரியாது சார். ஒரு பிரிட்ஜ மாத்தி அனுப்பிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல டொக்குன்னு ஒரு போட்டோ வந்துச்சு. போய்ச் சேந்துட்டேன்னு ஒரு வார்த்தை இல்ல, எத்தனை பர்சன்ட்டு மிச்சம்னு இல்ல, வெறும் போட்டோ. இருங்க, காட்டுறேன். அழிக்கல, வச்சிருக்கேன்.

இந்தா பாருங்க. வண்டிக்குள்ள முன்சீட்டுல அத்தை. அவுகள நான் கல்யாணம் ஆனதுல இருந்து பாக்குறேன், இப்படிச் சிரிச்சுப் பாத்ததில்ல. இது வசந்தா, ஸ்டீரிங்ல கைய வச்சுக்கிட்டு. அவளும் சிரிக்கிறாதான். நல்லாத்தான் இருக்கா. ஆனா சார், அவ கைக்குப் பின்னாடி ஒரு வெளிச்சம் தெரியுது பாருங்க, அதுதான் மீட்டரு. நானும் எத்தனையோ தடவை பெருசாக்கிப் பாத்துட்டேன், கலங்கலாத்தான் வருது. கேட்டா, "ஞாபகமில்ல"ங்கிறா. உங்க கண்ணு நல்ல கண்ணு. கொஞ்சம் உத்துப் பாத்துச் சொல்லுங்க சார், அந்த நம்பர் எவ்வளவு?